பழைய தேரும் புதிய அச்சும்

ஒரு பொருளின் பாகங்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, ஈற்றிலே தொடக்கத்தில் இருந்த பாகம் ஒன்றேனும் எஞ்சாத நிலை வருமாயின், அது அதே பொருள்தானா? மெய்யியல் வகுப்புகளிலே நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவரும் இவ்வினாவை வெறும் அறிவு விளையாட்டென்று ஒதுக்கிவிடுவோர் உளர். ஆனால், இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்துப் பெருந்தொகையான பணம் கைமாறும் ஒரு களம் இன்று உண்டு. கிடைத்தற்கரிய பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிப் பிடித்து, அவற்றுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களையும் தேடிச் சேர்த்து, மீண்டும் ஓடச் செய்யும் தொழிலே அக்களமாகும்.

செல்வந்தரின் விளையாட்டுப் பொருளைப் பற்றி, உழைக்கும் மக்கள்பால் அக்கறை கொண்டோர் ஏன் சிந்திக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சிந்திக்கத்தான் வேண்டும். ஒரு பொருளை உண்மையானதாக்குவது எது என்ற கேள்வியினுள்ளே, அதை ஆக்கியவர் யார், அழியாமற் காத்தவர் யார், அதன் பெறுமதி யாருக்கு உரியது என்ற கேள்விகளும் அடங்கியுள்ளன. இவற்றை விற்பனைக் களத்தின் தீர்ப்புக்கே விட்டுவிடுவது அறமாகாது.

முதலிலே பழையவர்கள் கூறியதை நோக்குவோம். இலங்கையின் பௌத்த மரபு நன்கறிந்த பாளி நூலாகிய மிலிந்த பஞ்ஹாவிலே, கிரேக்க வழிவந்த மிலிந்த மன்னனும் நாகசேனத் தேரரும் உரையாடுகின்றனர். மன்னன் தேரில் வந்ததாகக் கூறுகிறான். அச்சுத்தான் தேரா, சக்கரந்தான் தேரா, நுகந்தான் தேரா என்று தேரர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் இல்லை என்கிறான் மன்னன். எல்லாம் சேர்ந்த குவியலா? அதுவும் இல்லை. இவற்றுக்குப் புறம்பான வேறொன்றா? அதுவும் இல்லை. அப்படியாயின் தேர் எங்கே? தேர் என்பது இப்பாகங்களைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயரே என்ற இடத்தில் வாதம் நிற்கிறது. மனிதனிலும் மாறாத ஆன்மா என ஒன்று இல்லை என்று காட்டுவதற்கே தேரர் இந்த உவமையைக் கையாண்டார்.

கிரேக்கரிடத்திலும் இதே வினா வேறொரு வடிவில் எழுந்தது. தெசியஸ் என்னும் வீரன் ஏறி வந்த கப்பலை ஆதென்ஸ் மக்கள் பேணி வந்தனர் என்றும், உக்கிய பலகைகளைக் கழற்றிப் புதியன பொருத்தினர் என்றும், அது பழைய கப்பல்தானா என மெய்யியலாளர் இருகட்சியாகப் பிரிந்து வாதாடினர் என்றும் புளூட்டாக் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரான தோமஸ் ஹொப்ஸ் இவ்வினாவை மேலும் சிக்கலாக்கினார். கழற்றி எறியப்பட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் இன்னொரு கப்பலாகப் பொருத்திவிட்டால், இவ்விரண்டில் எது தெசியஸின் கப்பல்?

ஹொப்ஸின் கற்பனை மோட்டார் உலகிலே நடைமுறைச் சம்பவமாகிவிட்டது. உடைத்துப் பிரிக்கப்பட்ட ஒரு பழைய வண்டியின் அடிச்சட்டம் ஒருவரிடமும் எஞ்சின் இன்னொருவரிடமும் போய்ச் சேர, இருவரும் தத்தம் பாகத்தைச் சுற்றி முழு வண்டி ஒன்றைக் கட்டியெழுப்பி, ஒரே இலக்கத்துக்கு உரிமை கோருவதுண்டு. தேரர் எழுப்பிய வினாவுக்கு இங்கே வழக்கறிஞர்கள் விடை தேட வேண்டியதாயிற்று.

அத்தகைய வழக்குகளுள் ஒன்று விரிவாக நோக்கத் தக்கது. இங்கிலாந்தின் பென்ற்லி நிறுவனம் 1928 முதல் 1930 வரை ‘ஸ்பீட் சிக்ஸ்’ என்னும் வகை வண்டிகளை உருவாக்கியது. அவற்றுள் ‘பழைய முதலாம் இலக்கம்’ என்று பின்னர் பெயர் பெற்ற வண்டி, பிரான்சின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணிநேர ஓட்டப் போட்டியில் 1929ஆம் ஆண்டிலும் 1930ஆம் ஆண்டிலும் முதலிடம் பெற்றது. இரு தடவையும் அதைச் செலுத்தியோருள் ஒருவர் வூல்வ் பார்னாற்றோ. அவர் 1926 முதல் அந்நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தவர். அவருடைய தந்தை தென்னாபிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களிலே பெருஞ்செல்வம் ஈட்டியவர். பந்தயப் பாதையிலே பாய்ந்த அந்த வண்டியின் பின்னால், நிலத்தடியில் வியர்வை சிந்திய ஆபிரிக்கத் தொழிலாளரின் வாழ்வும் இருந்தது என்பதை வெற்றிக் கிண்ணங்கள் நமக்குச் சொல்வதில்லை.

1931இல் நிறுவனம் நொடித்து ரோல்ஸ் ரோய்ஸ் கைக்குப் போயிற்று. வண்டியோ தொடர்ந்து மாறிக்கொண்டே இருந்தது. 1932இல் 8 லீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டுப் புறூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் 500 மைல் போட்டியில் ஓடியபோது, அது சரிவுக் கரையைத் தாண்டி வீழ்ந்தது. செலுத்திய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். அதன்பின் பார்னாற்றோ அதைத் தெருவில் ஓடும் வண்டியாகத் திருத்தியமைப்பித்தார். பல கைகள் மாறி, பல பாகங்கள் மாறி, அரை நூற்றாண்டு கழிந்தபின் அதன் உடைமையாளர் 1 கோடி பவுண் பெறுமதிக்கு அதை விற்க உடன்பட்டார். வாங்க முன்வந்தோர் பின்னர், இது அந்த வண்டியே அன்று என்று கூறிப் பணம் கொடுக்க மறுத்தனர். வழக்கு 1990இல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்திலே நீதிபதி ஒற்றன் முன் விசாரிக்கப்பட்டது.

விசாரணையிலே தெரியவந்தது வியப்பூட்டுவது. 1929இல் ஓடிய வண்டியிலிருந்து நிச்சயமாகச் சொல்லக்கூடிய பாகம் ஏறக்குறைய எதுவும் எஞ்சவில்லை. 1930ஆம் ஆண்டு வண்டியிலிருந்து கியர்ப்பெட்டியின் உறை, சுக்கான் தண்டு முதலான மிகச் சிலவே எஞ்சியிருந்தன. ஆயினும், இது உண்மையான ‘பழைய முதலாம் இலக்க’மே என்று நீதிபதி தீர்ப்பளித்தார். மூலப்பொருள் மாறாமலிருத்தல் ஒன்று, உண்மையானதாக இருத்தல் வேறொன்று என அவர் பிரித்துக் காட்டினார். இவ்வண்டி மூலப்பொருள் மாறாத வண்டி அன்று. ஆனால் அதன் வரலாறு எவ்விடத்திலும் அறுபடவில்லை. ஒவ்வொரு புதிய பாகமும் ஓடிக்கொண்டிருந்த, உயிர்த்திருந்த ஒரு வண்டியினுள்ளே சேர்ந்து அதன் அங்கமாகிவிட்டது. அப்பெயருக்கு உரிமை கோரும் வேறு வண்டியும் இல்லை.

இத்தீர்ப்பு இரு செல்வந்தத் தரப்பினருக்கிடையே பணப் பிணக்கைத் தீர்க்க எழுதப்பட்டது. எனினும் அதனுள்ளே ஓர் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. பொருளின் அடையாளத்தை உலோகத்தின் அணுக்களிலே தேடுவது வீண். தொடர்ந்து இயங்கிவந்த வரலாற்றிலேதான் அது இருக்கின்றது. அப்படியானால் அந்த வரலாறு எதனால் ஆனது? ஓர் அச்சு முறிந்தபோது புதிய அச்சைக் கடைந்தவன் ஒருவன். எஞ்சினை இறக்கி ஏற்றியவன் ஒருவன். உடற்கூட்டைத் தட்டி நிமிர்த்தியவன் ஒருவன். இவர்களுடைய உழைப்பை நீக்கிவிட்டால் ‘தொடர்ச்சி’ என்று சொல்வதற்கு என்ன எஞ்சும்? நாகசேனர் பாகங்களிடையே தேடியும் காணாத தேரை, நாம் அதைச் செய்தும் திருத்தியும் ஓட்டியும் வந்த மனிதரின் உழைப்பிலே காணலாம் என்பதே எமது துணிபு.

இனி, உதிரிப் பாகம் தேடுதல் நடைமுறையிலே எவ்வாறு நிகழ்கின்றது என்று பார்ப்போம். மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அக்காலத்திலேயே செய்யப்பட்டு, எங்கோ ஒரு பண்டகசாலையில் உறை பிரிக்கப்படாமற் கிடக்கும் பாகத்தைக் கண்டுபிடித்தல். இதிலே அறச்சிக்கல் அதிகம் இல்லை. அதிர்ஷ்டமும் பொறுமையும் போதும்.

இரண்டாவது, புதிதாகச் செய்வித்தல். பழைய பாகம் உடைந்திருந்தாலும் அதை அளந்து, மரத்தில் அச்சுரு செய்து, மணலில் வார்த்து, கடைசல் இயந்திரத்தில் இட்டு, ஆயிரத்தில் ஓரங்குல நுண்மைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய எஞ்சின்களின் தாங்கிகளிலே வெள்ளீயக் கலப்பு உலோகத்தை உருக்கி ஊற்றிச் சீவி எடுக்கும் வேலை, நூலைப் படித்து மாத்திரம் வருவதன்று. கையும் கண்ணும் ஆண்டுக்கணக்கிற் பழக வேண்டும். இத்தகைய தொழிலாளர் அருகி வருகின்றனர். அரிய வண்டிகளைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு, அவற்றைத் திருத்த வல்ல அரிய கைகளைப் பற்றி எவர் கவலைப்படுகின்றனர்?

மூன்றாவது வழியே மிகவும் வினாவுக்குரியது. அது இன்னொரு வண்டியை உடைத்துப் பாகம் எடுத்தல். இத்தாலியின் பெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை 250 ஜீ.ரீ.ஓ. என்னும் பந்தய வண்டிகளில் 36 மாத்திரமே செய்தது. 2018இல் அவற்றுள் ஒன்று அமெரிக்காவிலே 4 கோடி 84 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அதே காலத்தில், அதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சினுடன், நால்வர் அமர்ந்து செல்லத்தக்க 250 ஜீ.ரீ.ஈ. என்னும் வண்டி ஏறக்குறைய 950 செய்யப்பட்டது. புகழ் குறைந்த இவ்வண்டிகள் பல, புகழ்பெற்ற வண்டிக்குப் பாகம் தருவதற்காகவும், அதைப் போன்ற போலிகளைச் சமைப்பதற்காகவும் உடைக்கப்பட்டன. பென்ற்லி வண்டிகளிலும் இதுவே நடந்தது. குடும்பங்கள் ஏறிச் சென்ற மூடிய உடற்கூடுகள் அகற்றப்பட்டு, அவற்றின் இடத்திலே பந்தய வண்டியின் திறந்த உடற்கூடுகள் ஏற்றப்பட்டன. இன்று காணக்கிடைக்கும் ‘பந்தய வண்டிகள்’ பல, ஒரு நாளும் பந்தயத்தில் ஓடியவை அல்ல.

இது வெறும் இரும்பின் கதையன்று. எது பாதுகாக்கத் தக்கது, எது உடைக்கத் தக்கது என்ற தீர்ப்பை இங்கு விலையே வழங்குகின்றது. வீரர்களும் செல்வந்தரும் ஓட்டிய வண்டி வரலாறாகிறது. சாதாரண மனிதர் வேலைக்கும் வைத்தியசாலைக்கும் சென்ற வண்டி வெறும் பாகக் குவியலாகிறது. மன்னர்களின் போர்களை எழுதி, உழவரின் வாழ்வை எழுதாமல் விட்ட வரலாற்றாசிரியரின் மனப்பாங்குக்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

இதனோடு பிணைந்தது இலக்க வழிபாடு. அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறிக்கப்பட்ட இலக்கங்கள் ஒன்றுக்கொன்று இசைந்தால் விலை பன்மடங்காகிறது. ஓடாத, வெடித்த, ஆனால் சரியான இலக்கம் தாங்கிய எஞ்சின், நன்றாக ஓடும் எஞ்சினைவிட உயர்ந்ததாகக் கருதப்படுகிறது. பொருளிலே அடங்கியுள்ள மனித உழைப்பு மறைந்து, பொருளே ஏதோ மந்திர ஆற்றல் உடையதுபோல் தோன்றுவதைக் கார்ல் மார்க்ஸ் 1867இலேயே விளக்கினார். அவர் விளக்கிய பண்ட மாயைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது. இந்த வழிபாடு பொய்யையும் வளர்க்கின்றது. புதிதாகச் செய்த பாகத்திலே பழைய இலக்கத்தைப் பொறித்து, பழமையின் கறையையும் செயற்கையாக ஏற்றி விற்போர் தோன்றுகின்றனர். அப்போது, உண்மையிலே அப்பாகத்தைச் செய்த தொழிலாளி தன் கைத்திறனைத் தானே மறைக்க வேண்டியவனாகிறான். அவனுடைய வேலை எவ்வளவுக்கு அடையாளம் தெரியாமற் போகின்றதோ அவ்வளவுக்கு அவனுடைய முதலாளிக்கு இலாபம்.

மறுதரப்பு நியாயத்தையும் நாம் மறுத்தல் கூடாது. பழைய பொருளிலே பழைய உலோகமே இருக்க வேண்டும் என்போர் எல்லோரும் வணிகர் அல்லர். ஒரு பொருள் ஓர் ஆவணமுமாகும். சுத்தியல் பட்ட தழும்பு, வண்ணத்தின் அடுக்குகள், தைத்த நூலின் வகை ஆகியவற்றிலிருந்து அதைச் செய்தோரின் முறைகளை ஆய்வாளர் அறியலாம். பாகத்தை மாற்றும்போது சாட்சியும் அழிகிறது. 1936இல் மகியோரே ஏரியில் அமிழ்த்தப்பட்ட புகாற்றி வண்டி ஒன்று 2009இல் வெளியே எடுக்கப்பட்டது. அதை 2010இல் வாங்கிய அமெரிக்க அரும்பொருட் சேகரம் அதற்குப் பாகம் தேடவில்லை. துருவேறி அரித்த நிலையிலேயே காட்சிக்கு வைத்தது. பழைய வண்டிகளுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012இல் ஏற்ற டூரின் சாசனமும், இயன்றவரை குறைவாக மாற்றுக, மாற்றியதைப் பதிவு செய்க என்றே வலியுறுத்துகிறது. இவ்வாதத்திலே நாம் ஏற்க வேண்டியது ஒன்றுண்டு. பழைய பாகத்தைப் பேணுவதன் நியாயம், அதைச் செய்த கைகளின் சுவட்டைப் பேணுவதிலே தங்கியுள்ளது. அப்படியாயின் பின்னர் திருத்திய கைகளின் சுவட்டையும் அதே நியாயப்படி பேண வேண்டும். 1929ஆம் ஆண்டுத் தொழிலாளி வரலாறு, 1959ஆம் ஆண்டுத் தொழிலாளி கலப்படம் என்று வகுப்பதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை.

இவ்வுண்மையை அறிய நாம் ஐரோப்பாவின் ஏல மண்டபங்களிலேயே நிற்க வேண்டியதில்லை. எமது நாட்டிலே, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களிலிருந்து 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, முன்னரே வந்திருந்த ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைக் காலம் கடந்தும் ஓடவைக்க வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்திலே இந்நிலை உச்சத்தை அடைந்தது. 1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருள், பற்றரி உட்படப் பல பொருட்கள் வடபகுதிக்குச் செல்வது தடுக்கப்பட்டது. அப்போது அரை நூற்றாண்டை நெருங்கிய ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயிலே ஓடின. அவற்றின் எஞ்சினில் அமுக்க விகிதம் குறைவு. ஆதலால் தரங்குறைந்த எரிபொருளையும் அவை சகித்தன. சிறிதளவு பெற்றோலால் முடுக்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை கக்கியது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயுடன் கலந்து பாகங்களைத் தேய்த்தது. தேய்ந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் வெளியிலிருந்து வர வழியில்லை. ஓடாது கிடந்த வண்டியிலிருந்து கழற்றினர். பட்டறையிலே கடைந்தனர். வேறு வண்டியின் பாகத்தை அராவிப் பொருத்தினர். நோயாளியும் கர்ப்பிணியும் மணமக்களும் அவ்வண்டிகளிலேயே சென்றனர்.

இங்கும் ஒரு வண்டியை உடைத்தே இன்னொரு வண்டி ஓட்டப்பட்டது. ஆனால் அதற்குத் தேவையே காரணமாக இருந்தது. ஒட்டுப் போட்டதை எவரும் மறைக்கவுமில்லை. மறைப்பதற்கு அவசியமும் இருக்கவில்லை. இது எந்தக் கடையில் எந்த மெக்கானிக்கால் சரி செய்யப்பட்டது என்று சொல்வதே அவ்வண்டிக்கு நற்சான்றாக இருந்தது. இலக்கம் இசைகின்றதா என்று எவரும் கேட்கவில்லை. ஓடுகின்றதா என்றே கேட்டனர். இந்த வறுமையை நாம் போற்றுதல் தகாது. தடையும் போரும் மக்கள்மேற் சுமத்திய துன்பத்தைக் கைத்திறனின் பெருமையால் மூடிவிடலாகாது. ஆயினும் அத்துன்பத்திடையே ஒரு பொருளின் உண்மையான பெறுமதி எங்கே உள்ளது என்பதை மக்கள் தெளிவாக அறிந்திருந்தனர்.

இன்னொரு சம்பவமும் சிந்தனைக்குரியது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் திருத்து நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், புதிது புதிதாக வாங்கி எறிவதைவிட ஒரே வண்டியைத் திருத்தித் திருத்திப் பல்லாண்டு பாவிப்பதே சிக்கனமும் அறிவுடைமையும் ஆகும் என 1982இல் நூலெழுதி வாதிட்டவர். 1990களிலே அந்நிலையத்தின் தொடர்புடன் எமது நாட்டின் தென்பகுதியிலே, காலியில், மொறிஸ் மைனருக்கான பாகங்கள் செய்யப்பட்டன. ஒருகாலத்தில் ஒக்ஸ்போட்டிலிருந்து எமக்கு வந்த வண்டிக்கு, எமது தொழிலாளர் செய்த தகடு ஒக்ஸ்போட்டின் தெருக்களுக்கே திரும்பிச் சென்றது. இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. திருத்திப் பாவித்தல் என்ற கொள்கையும், எமது மக்களின் திறனுக்குக் கிடைத்த ஏற்பும் அதில் உள்ளன. ஆனால், அத்தகடு பொருத்தப்பட்ட வண்டி ‘உண்மையான ஆங்கிலேய வண்டி’ என்று பாராட்டப்படும்போது, காலித் தொழிலாளியின் பெயர் அப்பாராட்டில் எங்கே இருக்கின்றது? அவ்வண்டி இப்போது ஆங்கிலேயத் தொழிலாளியும் சிங்களத் தொழிலாளியும் சேர்ந்து செய்த வண்டியென்று சொல்வதல்லவா முழு உண்மை?

ஆகவே, நாம் முடிவாகக் கூறக்கூடியவை இவை. பாகத்தை மாற்றுவது பொய்யன்று. மாற்றியதை மறைப்பதே பொய். பழைய வண்டிக்குப் புதிய அச்சுச் செய்பவன், அச்சிலே தன் காலத்தையும் பட்டறையையும் துணிந்து பொறிக்கத்தக்க நிலை வரவேண்டும். புகழ்பெற்ற ஒன்றை அலங்கரிக்க, எளியோருக்குப் பயன்பட்ட இன்னொன்றை உடைத்தல் அறமன்று. உயிர்காக்கும் தேவை வேறு, சேகரிப்போரின் ஆசை வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, எமது தொழில்நுட்பக் கல்லூரிகளிலே வார்த்தலும் கடைதலும் பொருத்தலும் மதிப்புடன் கற்பிக்கப்படல் வேண்டும். அத்திறன் உள்ளவரை எந்தப் பாகமும் கிடைத்தற்கரியதாகாது. அத்திறன் மறைந்துவிட்டால், பாகங்கள் முழுவதும் கண்ணாடிப் பேழையிலே இருந்தாலும் அவற்றை வண்டியென்று சொல்ல முடியாது.

மாறாதிருப்பதே மேன்மை என்று கருதுவோர் பொருள்களைப் பற்றி மாத்திரம் அவ்வாறு கருதுவதில்லை. மொழியையும் மரபையும் சமூக ஒழுங்கையும் பற்றியும் அவ்வாறே கருதுகின்றனர். தொடக்கத்திலே செய்தவன் எவனோ அவனுக்கே எல்லாப் பெருமையும் என்று கூறி, காலந்தோறும் திருத்தியும் மாற்றியும் காத்தவர்களை அந்நியராக்கிவிடுகின்றனர். நீண்ட வழி ஓடிய தேர் எதுவும் முதல் அச்சோடு வந்து சேர்ந்ததில்லை. வழியிலே அச்சு முறிந்தபோதெல்லாம் இறங்கி நின்று புதிய அச்சுச் செய்தோர் இருந்தனர். தேருக்கு உரியவர் யார் என்ற கணக்கை எழுதும்போது, அவர்களுடைய பெயரையும் எழுதியே ஆகவேண்டும்.